விலா எலும்பைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு சத்துவாச்சாரியில். நானும் கணவரும் ஓய்வு பெற்றவர்கள். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவன் விட்டுப்போன பெண் லாப்ரடார் பிரவுனிக்கு இப்போது நான்கு வயது, கருத்தடை செய்தாயிற்று, எடை 38 கிலோ. மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு டாக் ஃபுட் வாங்குகிறோம். தானியமே இல்லாத, இன்னும் விலை கூடிய ஒன்றுக்கு மாறச் சொல்கிறான் மகன். சோறு நாய்க்கு ஆகாது என்கிறான். லூஸில் எடுத்தால் மலிவு என்கிறார் கடைக்காரர். எதிர்வீட்டம்மாவோ கோழி சூடு, தயிர்சாதம் போடுங்கள் என்கிறார். எங்கள் வாசலிலேயே கிடக்கும் தெருநாய்க்குக் கேழ்வரகுக் களியும் மீந்த சோறும்தான் வைக்கிறேன். அது பிரவுனியைவிடத் துடிப்பாக இருக்கிறது. பிரவுனி மாடிப்படி ஏறவே யோசிக்கிறாள், அடிக்கடி காதைச் சொறிகிறாள். எது நல்ல உணவு? எந்தக் கம்பெனி வாங்கலாம்? (வாசகி, வேலூர்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் அந்த 38 கிலோ. கம்பெனிக்கு அப்புறம் வருகிறேன்.

பெண் லாப்ரடார் பொதுவாக 25 முதல் 32 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பிரவுனி கொஞ்சம் எலும்பு அகலமான நாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஏழெட்டுக் கிலோ கூடுதலாகச் சுமக்கிறாள். நாலு வயது என்பது லாப்ரடாருக்கு ஓடித் திரிகிற வயது. அந்த வயதில் படியைப் பார்த்து யோசிக்கிறாள் என்றால், இடுப்பும் முழங்காலும் அந்தப் பாரத்துக்குத் திணறுகின்றன என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

தராசு இல்லாமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் கையை மேசை மேல் விரித்து வைத்து, மறு கை விரலால் புறங்கையைத் தடவிப் பாருங்கள். மெல்லிய தோலுக்குக் கீழே எலும்பு தெரிகிறதல்லவா? நாயின் விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். மடக்கிய முட்டியைத் தடவுவது போலத் துருத்திக்கொண்டிருந்தால் நாய் ஒல்லி. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்து, அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால் பருமன். வாசலில் இருக்கும் நாய் உங்களிடம் பழகியிருந்தால் அதையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். அது ஏன் துடிப்பாக இருக்கிறது என்பது உங்கள் விரலுக்கே தெரிந்துவிடும்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்க ஒரு காரணம் உண்டு. லாப்ரடார் குட்டிகள் 48-ஐ ஜோடி ஜோடியாகப் பிரித்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. ஜோடியில் ஒன்று சாப்பிட்டதைவிட மற்றொன்றுக்கு 25 சதவீதம் குறைவாகக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் தாண்டிய வயது) 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே உணவுதான், அம்மா. அளவு மட்டுமே வேறு. ஏறக்குறைய இரண்டு வருட ஆயுளை எந்த விலை உயர்ந்த பையும் கொடுத்ததாக நான் பார்த்ததில்லை.

பிரவுனி எப்போதும் பசித்த முகத்தோடு பார்க்கிறாள் என்றால் அதற்கு அவளைக் குறை சொல்லவும் முடியாது. பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் ஒரு மரபணு, லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குச் சிதைந்திருக்கிறது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். சாப்பிட்டு முடித்த அடுத்த நிமிடம் மறுபடி தட்டை நக்குவது நடிப்பல்ல. அவளுக்கு நிஜமாகவே பசிக்கலாம். அதனால்தான் அவள் கண்ணைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

சரி, எவ்வளவு போடுவது? 30 கிலோ எடையை இலக்காக வைத்தால், எடை குறையும் வரை நாளைக்குச் சுமார் 900 கலோரி போதும். உலர் உணவு பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி தரும். அப்படியானால் நாள் முழுவதற்கும் 240 கிராம் அளவில்தான். இதை டம்ளரால் அளக்காதீர்கள், தராசில் நிறுத்துப் போடுங்கள். டம்ளரில் ஒரு நாள் தலைதட்டி, ஒரு நாள் குவித்து என்று மாதக் கணக்கே மாறிவிடும். பையில் அச்சிட்ட அளவு, துறுதுறுவென்று ஓடியாடும் நாய்க்குப் போட்ட கணக்கு. கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு அது அதிகம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பிரவுனிக்கு யார் யார், எப்போது போடுகிறீர்கள்? இருவர் மட்டும் இருக்கும் வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது: அம்மா காலையில் அளந்து வைப்பார், ஐயா காபி குடிக்கும்போது நாலு பிஸ்கட் போடுவார், மதியம் தட்டில் மீந்தது போகும், ராத்திரி மகன் போனில் பேசும்போது அவன் பெயரால் ஒரு துண்டு. நாலு குளுக்கோஸ் பிஸ்கட்டே நூறு கலோரியை நெருங்கும். அவளுடைய நாள் கணக்கில் பத்தில் ஒரு பங்கு அதிலேயே தீர்ந்துவிட்டது. காலையில் அன்றைக்கான மொத்தத்தையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். நொறுக்குத்தீனியாகக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வெள்ளரிப் பிஞ்சு, கேரட் துண்டு.

குறைக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டி, தைராய்டு குறைபாடு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சாப்பாடு சரியாக இருந்தும் எடை ஏறுவதற்கு அது ஒரு காரணம். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம், அதாவது நானூறு கிராம் அளவுக்குக் குறைந்தால் சரியான வேகம். ஐந்தாறு மாதம் ஆகும். 38 கிலோ நாயை நீங்கள் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏற வேண்டாம், முதுகு போய்விடும். மருத்துவமனையில் மேடைத் தராசு இருக்கும். இல்லாவிட்டால் அரிசி மண்டியில் மூட்டை போடும் தராசில் நிற்க வைத்துப் பாருங்கள்.

இனி உங்கள் மகன் சொன்னது. சோறு ஆகாது என்பது நாயை ஓநாயாக நினைத்துச் சொல்வது. மனிதன் வீட்டில் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த நாய், மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவை ஓநாயைவிடப் பல மடங்கு பெருக்கி வைத்திருக்கிறது. 2013-இல் வந்த ஆய்வு இதைக் காட்டியது. வெந்த சோறு, களி எல்லாம் அதற்கு நன்றாகவே செரிக்கும். தானியம் இல்லாத பைகளில் மாவுச்சத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். அரிசி இருந்த இடத்தில் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு இருக்கும். அப்படிப் பட்டாணி, பருப்பு மிகுந்த உணவுக்கும் இதயம் விரிந்து பலவீனமாகும் ஒரு நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரணை தொடங்கியது. காரணம் இதுதான் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் உங்கள் நாய்க்குத் தானியத்தால் எந்தத் தொல்லையும் இல்லாதபோது, கூடுதல் பணம் கொடுத்து அந்தச் சந்தேகத்தை வாங்குவானேன்? மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு நாளையிலிருந்து வெறும் சோறும் கறியும் என்று மாறிவிடாதீர்கள். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள். நல்ல வசதியான வீடு. பிறந்து நாற்பது நாளிலிருந்து தினமும் கோழிக்கறி, சோறு, வேறெதுவும் இல்லை. ஐந்து மாதத்தில் முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன, சோபாவிலிருந்து குதித்ததில் ஒரு கால் முறிந்திருந்தது. அந்த வீட்டுப் பாட்டி, "தினமும் கறிதானே சார் போட்டோம்" என்று அழுதது இன்னும் மனதில் நிற்கிறது. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அன்பில்லாமல் நடந்த காரியம் இல்லை அது. நல்ல சாப்பாடு என்றால் கறி என்று அவர்கள் நம்பினார்கள்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். வளரும் குட்டிக்கு அது போதாது, வளர்ந்த நாய்க்கும் களி மட்டுமே கால்சியத்தை ஈடு செய்யாது. ஆனாலும் நம் ஊர் நாய்க்குக் களி கெடுதல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாசல் நாய்க்கு அதையே வையுங்கள், கூடவே வாரத்தில் சில நாள் ஒரு வேகவைத்த முட்டை. அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் போட்டாயிற்றா? இல்லையென்றால் அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். உணவைவிட அது அவசரம்.

வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்றால் பிரவுனிக்கு ஒரு நாள் அளவு இப்படி வரும்: எலும்பில்லாத, தோலில்லாத கோழிக்கறி 250 கிராம், அரிசி 100 கிராம் (அதில் பாதியைக் கேழ்வரகு மாவாக மாற்றலாம்), பூசணி, பீன்ஸ், கேரட் எல்லாம் சேர்ந்து 150 கிராம், ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் எண்ணெய். எடையெல்லாம் சமைப்பதற்கு முன் போட்ட கணக்கு. உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மாவாக அரைத்து அரை டீஸ்பூன் கலந்தால் ஏறக்குறைய ஒரு கிராம் கால்சியம் கிடைக்கும். அப்போதும் துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ குறையும். அமெரிக்காவில் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்து குறைவாக இருந்தது. ஆகவே மருத்துவர் எழுதித் தரும் சத்துப்பொடி இல்லாமல் மாதக் கணக்கில் வீட்டுச் சாப்பாடு மட்டும் வேண்டாம். பாதி டாக் ஃபுட், பாதி வீட்டுச் சாப்பாடு என்பது பல வீடுகளுக்கு ஒத்துவரும். பாதி என்றால் இரண்டையும் பாதியாக்க வேண்டும். முழுப் பங்கு டாக் ஃபுட் போட்டு, அதன் மேல் சோறு பிசைந்து வைத்ததுதான் பிரவுனியை 38 கிலோவுக்குக் கொண்டுபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

லூஸில் வாங்குவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். அந்தக் கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். திறந்த மூட்டையில் எந்த மாதம் தயாரித்தது, எப்போது திறந்தது, எந்தப் பிராண்டு என்று எதற்கும் அடையாளம் இருக்காது. டாக் ஃபுட் மேல் கொழுப்பு தெளித்திருப்பார்கள், அந்த வாசனைக்குத்தான் நாய் ஓடி வருகிறது. நம் ஊரை வெயிலூர் என்றே சொல்கிறோம். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் தகரக் கூரைக் கடையில் திறந்து கிடந்தால் அந்தக் கொழுப்பு சிக்குப் பிடித்துவிடும், வைட்டமின்களும் போகும். ஈரம் பட்டால் பூஞ்சணம். வடஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூஞ்சணம் பிடித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கடித்தால் வருமே ஒரு கசப்பு, அங்கே இருக்கக்கூடியது அஃப்லாடாக்ஸின் என்ற விஷம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது, காரணம் அவற்றுக்குப் போட்ட கடலைப் புண்ணாக்கு என்று தேடிப்போய்த்தான் இந்த விஷத்தையே கண்டுபிடித்தார்கள். மக்காச்சோளத்திலும் இது வரும். நாயின் கல்லீரலை நேரடியாகத் தாக்கும். வேகவைத்தாலும் அழியாது. அதனால் மாட்டுக்கு வாங்கிய புண்ணாக்கில் ஒரு கைப்பிடியை நாய்ச் சோற்றில் கலக்கும் வழக்கம் எங்காவது இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

ஒரு மாதம், மிஞ்சினால் ஆறு வாரத்தில் தீரும் அளவுப் பையை வாங்குங்கள். டப்பாவில் கொட்டிவிட்டுப் பையைத் தூக்கிப் போடாமல், பையோடு டப்பாவுக்குள் வைத்து வாயை மடக்கிக் கட்டுங்கள். தேதியும் பேட்ச் எண்ணும் பையில்தான் இருக்கின்றன. தினமும் திறக்கும்போது ஒரு முறை முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெயின் சிக்கு வாடை வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் போடாதீர்கள்.

பையில் என்ன படிப்பது என்று பலர் கேட்கிறார்கள். முன்பக்கத்தில் இருக்கும் கோழிப் படமும் புல்வெளியும் வேண்டாம், பின்பக்கம் போங்கள். சேர்மானங்கள் எடை வரிசையில் இருக்கும். முதலில் 'கோழிக்கறி' என்று இருந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் பச்சைக் கறியில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த பிறகு அது வரிசையில் எங்கே நிற்கும் என்பது வேறு. புரத அளவை ஒப்பிடும்போதும் தண்ணீர் ஏமாற்றும். டின் உணவில் 8 சதவீதம் புரதம், 78 சதவீதம் ஈரம் என்று இருக்கும். உலர் உணவில் 22 சதவீதம் புரதம், 10 சதவீதம் ஈரம். ஈரத்தைக் கழித்துப் பாருங்கள்: டின்னில் 22 பங்கில் 8, அதாவது 36 சதவீதம், உலர் உணவில் 90 பங்கில் 22, அதாவது 24 சதவீதம். பார்த்தவுடன் தோன்றியதற்கு நேர் எதிர். வளர்ந்த நாய்க்கு இப்படிக் கழித்த கணக்கில் 18 சதவீதம் குறைந்தபட்சத் தேவை, குட்டிக்கு 22.5. பெரிய ஜாதிக் குட்டியாக இருந்தால் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கூடினாலும் எலும்பு கெடும்.

பிரியாணி பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் பெங்களூரிலிருந்து மகன் காரில் வந்தால் ஆம்பூரில் நிறுத்தி ஒரு பார்சல் வாங்காமல் வருவானா? ஞாயிறு இரவும் திங்கள் காலையும் என்னிடம் வரும் வாந்திக் கேஸ்களில் பாதிக்குப் பின்னால் பிரியாணிப் பொட்டலம் இருக்கிறது. வெந்த எலும்பு ஈர்க்குபோல் உடையும், குடலைக் குத்தும். கொழுப்பு மிகுந்த ஒரு வேளைச் சாப்பாடு கணையத்தைப் புண்ணாக்கலாம். வெங்காயமோ வெந்தாலும் வெந்திராவிட்டாலும் ஒன்றுதான். உடல் எடையில் 0.5 சதவீதம் அளவுக்கு உள்ளே போனாலே சிவப்பணுக்கள் சிதையத் தொடங்கும். பத்துக் கிலோ நாய்க்கு அது ஐம்பது கிராம், ஏறக்குறைய பாதிப் பெரிய வெங்காயம்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதும் நல்லதல்ல. வாசல் நாய்க்கு மீந்த சோறு வைக்கும்போது குழம்பை ஊற்றாதீர்கள், வெறும் சோறாக வையுங்கள். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரையில்லா இனிப்புகளில் வரும் சைலிட்டால் இவையும் விஷம். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையை யாரும் நினைப்பதில்லை.

கோழி சூடா? எதிர்வீட்டம்மா சொல்வதை ஒதுக்கித் தள்ள மாட்டேன், அவர்கள் எதையோ பார்த்துத்தான் சொல்கிறார்கள். கோழி சாப்பிட்டுச் சொறியும் நாய் உண்டு, அதற்குப் பெயர் ஒவ்வாமை. மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை இவைதான் அதில் அதிகம் மாட்டுபவை. தயிர் ஊற்றினாலும் அது பால்தான் என்பதைக் கவனியுங்கள். தயிர்சாதம் வெயில் நாளில் ஒரு பிடி கொடுக்கலாம், அதையே வேளைச் சாப்பாடாக்கினால் புரதம் போதாது. பிரவுனியின் காதை முதலில் ஒரு மருத்துவர் உள்ளே பார்க்கட்டும். தொங்கும் காதில் ஈரம் தங்கிப் பூஞ்சைத் தொற்று வருவதும், உண்ணி ஏறுவதும் நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். அதெல்லாம் சரியான பிறகும் சொறிந்தால், இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கலாம். அந்த எட்டு வாரத்தில் ஐயா கொடுக்கும் ஒரு பிஸ்கட்டும் கணக்கைக் கெடுத்துவிடும்.

வெயில் காலத்தில் காலை ஆறு மணிக்கு ஒரு வேளை, இருட்டிய பிறகு ஒரு வேளை வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பசி குறைவது இயல்பு, பயந்துபோய் நெய் ஊற்றிப் பிசைய வேண்டாம். தண்ணீர் நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடிப்பாள், வெயிலில் இன்னும் கூடும். நிழலில் இரண்டு இடத்தில் வையுங்கள்.

கம்பெனிப் பெயரை நான் எழுதப்போவதில்லை. பையில் வளர்ந்த நாய்க்கான முழுமையான, சமச்சீர் உணவு என்று தெளிவாக இருக்கிறதா, 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருக்கிறார்களா, தயாரித்தவர் முகவரியும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதில் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்து கால்சியம் எவ்வளவு, யார் இந்த உணவை வகுத்தது என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்பவர்களிடம் வாங்குங்கள். இப்போது வாங்கும் உணவு இந்தக் கேள்விகளில் தேறினால் மாற்றவே வேண்டாம், அளவை மட்டும் குறையுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் புதியதைக் கால் பங்கு, அரை, முக்கால் என்று ஏழிலிருந்து பத்து நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே நாளில் மாற்றினால் பேதியாகும், பழி புது உணவின் மேல் விழும்.

இன்றைய எடையை ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள். நாலு வாரம் கழித்து அதே தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், கூடவே காது எப்படி இருக்கிறது என்றும்.